குவியம் தவறிய படம்

பகலில் நான் மன்னார்குடியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
நாளொன்றுக்கு நாற்பது பேரின் விலா எலும்பு.
வெளிச்சம் எதைத் துளைக்கும், எதில் முட்டி நிற்கும்,
எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

மார்கழி. வடுவூர் ஏரிக்கு வடக்கே
பால் பிடிக்கத் தொடங்கிய சம்பா.
எலிக்காக நடுவயலில் நட்ட கழி,
அதன் குறுக்குக் கட்டையில் இருட்டியதும் வந்து உட்காரும் கூகை,
பாதியாய் அரிந்த ஆப்பிள் போல முகம்.
ஏரியின் நத்தைகுத்தி நாரைகளை எல்லோரும் எடுத்துவிட்டார்கள்.
எங்களுக்கு இது வேண்டும்.

ஜியாவுதீனுக்குக் கூத்தாநல்லூரில் செல்போன் கடை.
செகண்ட் ஹேண்டில் வாங்கிய முந்நூறு எம்எம் லென்ஸுக்குள்
பூஞ்சை வேர்விட்டிருக்கிறது.
"இதுவும் வைல்டு லைஃப்தான்" என்பான்.

சாந்தசீலன் நீடாமங்கலம் ரூட்டில் கண்டக்டர்.
ஃப்ளாஷுக்குப் பேக்கரி பட்டர் பேப்பர் சுற்றி
அதன்மேல் அல்வாப் பெட்டியின் மஞ்சள் தாளை ஒட்டி
நிலா வெளிச்சம் வரும் என்றான்.
காமாலை வந்தது.

மூன்று ராத்திரி.
கழிக்குப் பின்னால் ஒரு விளக்கு, வாய்க்காலோரம் ஒன்று,
ஸ்கூட்டர் ஹெட்லைட்டைக்கூடப் பனிக்குள் விட்டுப் பார்த்தோம்.
பனி அழகாக விழுந்தது. கழி அழகாக விழுந்தது.
கூகை வரவில்லை.

நான்காம் நாள் மலர்க்கொடி வந்தாள்.
ஐந்து மா குத்தகை. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை.
எலி வெட்டிய தூர்களை ஒரு கத்தையாக
என் கேமரா பையின் மேல் போட்டாள்.
"எண்ணிப் பாருங்க.
கழி நான் வெச்சது. அவன் வேலைக்கு வரலைன்னா
எலிக்கு யாரு பதில் சொல்றது, ஒங்க லைட்டா?
ஏற்கெனவே அந்தத் தவமணி ராவோட ராவா
என் தண்ணியை அவன் பக்கம் இறக்கிக்கிட்டிருக்கான்."

சாந்தசீலன் டிக்கெட் எண்ணும் வேகத்தில் எண்ணினான்.
நூற்றுப் பதினேழு.
திரும்ப எண்ணினான். அதேதான்.

அன்று விளக்கெல்லாம் பைக்குள்.
தேய்பிறை நிலா பத்தரைக்கு மேல்தான் எழும்பியது.
என் ஐம்பது எம்எம்மை முழுக்கத் திறந்து
ஐஎஸ்ஓவை ஏறும்வரை ஏற்றி
கழிக்கு நாலு கஜம் தள்ளி, சேற்றில் முட்டி போட்டுக் காத்திருந்தேன்.
வயலைக் காக்க வந்த மலர்க்கொடி எங்களையும் காத்தாள்.

வந்தது. சத்தமே இல்லை.
கழியின் நுனி கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.
இழு. பிடி.
விட மறந்துபோனேன்.

பதினோரு படம். பதினொன்றிலும் கூகை
விரலால் இழுத்துத் தேய்த்த சுண்ணாம்பு.
குவியம் அதைத் தாண்டி ஓடி
பின்னாலிருந்த வரப்பில் போய் உட்கார்ந்திருந்தது.
வரப்பு மட்டும் துல்லியம், புல் புல்லாக.

"அழிச்சுடு" என்றான் ஜியாவுதீன்.
மலர்க்கொடி பிடுங்காத குறையாக கேமராவை வாங்கினாள்.
"பெருசு பண்ணு."
கூகையைப் பெரிதாக்கினேன்.
"அது இல்ல. கீழ."

வரப்பின் இடுப்பில் நூல்போல ஒரு பளபளப்பு,
அவள் வயலிலிருந்து அடுத்த வயலுக்கு.
அந்தப் பொத்தலின் வாயில்
ஒரு கொடுக்கை மடக்கிக்கொண்டு
நிதானமாக உட்கார்ந்திருந்தது நண்டு.

வெகுநேரம் பார்த்தாள்.
"பத்து நாளா அவன் வாசல்ல நின்னு கத்தியிருக்கேன்."
எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.
பிறகு, படத்தை போனுக்கு அனுப்பு,
நண்டு மட்டும் போதும், மேலே உள்ளதை வெட்டிடு என்றாள்.
யாருக்குக் காட்ட என்று நான் கேட்கவில்லை.

சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு
களிமண் வாரி வளை அடைக்க இறங்கினாள்.
வழி தெரியட்டும் என்று சாந்தசீலன் டார்ச்சைப் போட,
"அணை" என்றாள்.

அணைத்தான்.
கொஞ்ச நேரத்தில், எங்கோ நெல்லுக்குள்
ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பி
பாதியிலேயே நின்றது.